‘ரஷ்’ படமும் 1976-ம் வருடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரான் ஹோவர்ட் இயக்கத்தில் 2013-ல் வந்த ‘ரஷ்’ ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பற்றிய படம். ஜேம்ஸ் ஹன்ட், நிக்கி லாடா என்ற இரண்டு டிரைவர்கள் சாம்பியன் பட்டத்துக்காக 1976 முழுக்க மோதிக்கொண்டதுதான் கதை. முதல் முறை பார்ப்பவர்களுக்கு எது நிஜம், எது சினிமா என்ற குழப்பம் வருவது இயல்பு. அப்படி வரும் கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். படத்தின் முடிவையும் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை முழுக்க உண்மையா?

பெரும்பகுதி உண்மை. நம்பவே முடியாத இடங்கள்தான் அதிகம் உண்மை என்பது இந்தப் படத்தின் விசேஷம். நெருப்பில் சிக்கி, ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபம் சொல்லிவிட்டுப் போன ஒரு மனிதர், விபத்து நடந்த 42-வது நாள் மறுபடி பந்தயக் காரில் உட்கார்ந்தார். அது அப்படியே நடந்தது. பட்டம் ஒரே ஒரு புள்ளியில் கைமாறியதும், கடைசிப் பந்தயத்தில் கொட்டிய மழையும் பதிவான வரலாறு.

கற்பனை சேர்ந்திருப்பது சாதாரணமாகத் தெரியும் இடங்களில்தான். இருவரும் முதலில் சந்திப்பது, ஒருவரை ஒருவர் சீண்டிப் பேசுவது, கடைசியில் விமானக் கொட்டகையில் நடக்கும் நீண்ட உரையாடல் எல்லாம் திரைக்கதை எழுதிய பீட்டர் மோர்கன் சேர்த்தவை.

இந்த இருவரும் யார்?

ஹன்ட் இங்கிலாந்துக்காரர், 1947-ல் பிறந்தவர். வேகம், குடி, பெண்கள், சிகரெட் என்று வாழ்ந்தவராகப் படம் காட்டுவதில் மிகையில்லை. பந்தயத்துக்கு முன்னால் பதற்றத்தில் வாந்தி எடுப்பார் என்பதும் உண்மை. ஹெஸ்கெத் பிரபு என்ற இளம் பணக்காரர் தன் சொந்தப் பணத்தில் ஒரு ஃபார்முலா ஒன் குழு நடத்தினார். ஹன்ட் அந்தக் குழுவில்தான் ஃபார்முலா ஒன்னுக்குள் வந்தார். 1975-ல் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லாடாவையே பின்னுக்குத் தள்ளி முதல் வெற்றியைப் பெற்றார். அந்த வருடக் கடைசியில் ஹெஸ்கெத்திடம் பணம் தீர்ந்துபோனது. அதே நேரம் பார்த்து எமர்சன் ஃபிட்டிபால்டி மெக்லாரன் குழுவை விட்டு விலக, காலியான இடம் ஹன்ட்டுக்குக் கிடைத்தது.

லாடா வியன்னாவைச் சேர்ந்த பெரிய தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளை. கார் ஓட்டுவது குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. படத்தில் அப்பாவும் எதிர்ப்பவராக வருகிறார். நிஜத்தில் முட்டுக்கட்டை போட்டவர் தாத்தா ஹான்ஸ் லாடா. ஒரு வங்கி பேரனுக்குப் பணம் தரத் தயாரானபோது தன் செல்வாக்கால் அதைத் தடுத்தார். லாடா சளைக்காமல் வேறு வங்கிக்குப் போய், ஆயுள் காப்பீட்டை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கொடுத்து மார்ச் குழுவில் இடம் பிடித்தார். அப்புறம் பி.ஆர்.எம். குழு, 1974-ல் ஃபெராரி, 1975-ல் உலக சாம்பியன். பி.ஆர்.எம்.மில் அவரோடு ஓட்டிய க்ளே ரெகாசோனிதான் ஃபெராரியிடம் இவரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னவர். படத்திலும் அவர் வருகிறார்.

நிஜத்தில் இருவரும் எதிரிகளா?

இல்லை, நண்பர்கள். கீழ்நிலைப் பந்தயங்களில் ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். லாடா தன் கடைசிக் காலம் வரை ஹன்ட்டை நண்பர் என்றுதான் சொல்லிவந்தார்.

படம் செய்த மாற்றங்களில் எனக்கு மனம் ஒப்பாதது இது ஒன்றுதான். தொடக்கத்தில் வரும் 1970 கிரிஸ்டல் பேலஸ் பந்தயத்தில் ஹன்ட்டும் லாடாவும் இடித்துக்கொண்டு பகையாவதுபோல் காட்டுகிறார்கள். அந்த வருடம் அந்த இடத்தில் ஹன்ட் மோதியது டேவ் மோர்கன் என்ற இன்னொரு டிரைவரோடு. காரை விட்டு இறங்கியதும் அவரைத் தள்ளியும் விட்டார். லாடாவுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை.

பகை இருந்தால்தான் நாடகம் சூடுபிடிக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் உண்மை இதைவிடக் கனமானது. நண்பன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும்போது, அவன் இல்லாத இடைவெளியில் புள்ளி சேர்க்க வேண்டிய நிலை ஹன்ட்டுக்கு. எதிரியாக இருந்திருந்தால் அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். படத்தின் இரண்டாம் பாதியில், ஹன்ட்டாக நடித்த ஹெம்ஸ்வொர்த்தின் முகத்தில் இந்த உறுத்தல் நன்றாகவே தெரிகிறது; முதல் பாதியில் அதற்கு அஸ்திவாரம் போடாமல் விட்டுவிட்டார்கள்.

1976 பந்தய வருடத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? படத்தில் வேகமாக ஓடிவிடுகிறது.

மொத்தம் 16 பந்தயங்கள். முதலிடத்துக்கு 9 புள்ளி, அதற்குப் பிறகு 6, 4, 3, 2, 1 என்று ஆறாவது இடம் வரை.

முதல் பாதி லாடாவுடையது. பிரேசில், தென்னாப்பிரிக்கா, பெல்ஜியம், மொனாக்கோ என்று நான்கு பந்தயங்களை வென்றார். நடுவில் வீட்டில் டிராக்டர் கவிழ்ந்து விலா எலும்பு முறிந்தது. அந்த வலியோடு ஸ்பெயினில் ஓட்டி இரண்டாவதாக வந்தார். அங்கே முதலாவதாக வந்த ஹன்ட்டின் காரை அளந்தால் விதியைவிட 1.8 சென்டிமீட்டர் அகலம் அதிகம். தகுதி நீக்கம் செய்தார்கள். மெக்லாரன் மேல்முறையீடு செய்து ஜூலையில் வெற்றியைத் திரும்பப் பெற்றது. இடையில் விதிக்கு ஏற்பக் காரை மாற்றப்போய் வேகம் போனதும், ஹன்ட் வெறுத்துப்போனதும் படத்தில் சரியாகவே வந்திருக்கின்றன.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறு. முதல் வளைவிலேயே லாடா, ரெகாசோனி இருவரின் ஃபெராரிகளும் உரச, பின்னால் வந்த ஹன்ட்டும் அதில் மாட்டினார். பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். ஹன்ட் வென்றார். செப்டம்பரில் அந்த வெற்றியைப் பறித்து லாடாவுக்குக் கொடுத்தார்கள். அதாவது அந்த வருடப் புள்ளிப் பட்டியல் பாதி டிராக்கிலும் பாதி விசாரணை அறையிலும் எழுதப்பட்டது.

ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் லாடாவுக்கு விபத்து. லாடா படுத்திருந்த காலத்தில் ஹன்ட் ஹாலந்தில் வென்றார். அன்று அவருக்கு 29-வது பிறந்தநாள். லாடா திரும்பி வந்த பிறகும் கனடா, அமெரிக்கா இரண்டும் ஹன்ட்டுக்கே. ஜப்பானின் ஃபூஜியில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது லாடா 68, ஹன்ட் 65.

நூர்பர்க்ரிங் அவ்வளவு ஆபத்தான இடமா?

ஆமாம். பழைய நூர்பர்க்ரிங் டிராக் ஒரு சுற்று சுமார் 22.8 கிலோமீட்டர். காட்டுக்கு நடுவே, மலை ஏறி இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு போகும். ஒரு முனையில் மழை கொட்டும்போது மறு முனை காய்ந்து கிடக்கும். இவ்வளவு நீளத்தில் எங்கே விபத்து நடந்தாலும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் உடனே போய்ச் சேர வழியில்லை. லாடாவின் வாதம் இதுதான். பந்தயத்தைப் புறக்கணிப்போம் என்று சக டிரைவர்களைக் கேட்டார். பெரும்பான்மை ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பு நடந்தது உண்மை. கூட்டத்தில் ஹன்ட் அதை லாடாவோடு தனிப்பட்ட சண்டையாக மாற்றுவது மட்டும் படத்துக்காகச் சேர்த்தது.

இன்னொரு விவரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் லாடாவைப் புரிந்துகொள்ள முடியும். முந்தைய வருடம், 1975 தகுதிச் சுற்றில், அதே டிராக்கை 6 நிமிடம் 58.6 வினாடியில் சுற்றியவர் அவர். பழைய டிராக்கில் ஃபார்முலா ஒன் பந்தய வார இறுதியில் 7 நிமிடத்துக்குள் சுற்றிய டிரைவர் வேறு யாரும் இல்லை. அந்த இடத்தை எல்லோரையும்விட வேகமாக ஓட்டத் தெரிந்த ஆள்தான் இங்கே ஓட்டக் கூடாது என்று சொன்னார்.

விபத்து எப்படி நடந்தது?

பந்தயம் தொடங்கும்போது டிராக் ஈரம். பெரும்பாலோர் மழை டயரில் கிளம்பினார்கள். சீக்கிரமே காய்ந்துவிட, முதல் சுற்று முடிவில் லாடா பிட்டுக்கு (குழுவினர் காரைக் கவனிக்கும் இடம்) வந்து டயரை மாற்றிக்கொண்டு போனார். இரண்டாவது சுற்றில், பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால், கார் திடீரென்று வலது பக்கம் பாய்ந்து மண்மேட்டில் மோதி, தீப்பிடித்து டிராக்குக்கே திரும்பி வந்து விழுந்தது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதன் மேல் மோதியது. லாடாவின் ஹெல்மெட் ஏற்கெனவே கழன்று போயிருந்தது. பின் சஸ்பென்ஷனில் ஏதோ முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது, கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

அவரைக் காப்பாற்றியது யார்? படத்தில் சரியாகத் தெரியவில்லையே.

இந்தக் கேள்வி அதிகம் கேட்கப்பட வேண்டியது. லாடாவை வெளியே இழுத்தவர்கள் மீட்புப் பணியாளர்கள் அல்ல, அவரோடு பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த நான்கு டிரைவர்கள்: அர்துரோ மெர்சாரியோ, பிரெட் லங்கர், கை எட்வர்ட்ஸ், ஹரால்ட் எர்ட்ல்.

எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் மூவரும் விபத்து நடந்த இடத்திலேயே சிக்கி நின்றவர்கள். எர்ட்ல் தீயணைப்பானை எடுத்து அடித்தார். லங்கர் அமெரிக்கர், வியட்நாம் போரில் இருந்துவிட்டு வந்தவர். மெர்சாரியோ பின்னால் வந்து, காரை நிறுத்தி, நேராக நெருப்புக்குள் போய் லாடாவின் சீட் பெல்ட்டை அவிழ்த்தார். அதுதான் உயிரைக் காத்தது. அவர் முன்னாள் ஃபெராரி டிரைவர். 1974-ல் லாடா ஃபெராரிக்கு வந்தபோது அந்தக் குழுவில் இடம் இழந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கணத்தில் அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கை எட்வர்ட்ஸுக்குப் பிரிட்டன் பின்னாளில் வீரப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது.

படம் இந்தக் காட்சியைச் சில வினாடிகளில் கடந்துவிடுகிறது. கதை ஹன்ட்-லாடா கதை, அதனால் மற்றவர்களுக்கு இடமில்லை என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் நால்வரின் பெயரும் வசனத்தில் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இது வழக்கமாகவே இருந்தது. 1973-ல் தென்னாப்பிரிக்காவில் எரிந்த காரிலிருந்து ரெகாசோனியை மைக் ஹெயில்வுட் இழுத்தார். 1978-ல் இத்தாலியின் மோன்சாவில் ரோனி பீட்டர்சன் தீயில் மாட்டியபோது உள்ளே போய் இழுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹன்ட். பீட்டர்சன் மறுநாள் இறந்துபோனார்.

வருடத்துக்கு இரண்டு பேர் சாவார்கள் என்று படத்தில் சொல்கிறார்களே, அது சரியா?

சில வருடங்களில் இரண்டு பேர், சில வருடங்களில் ஒருவர். 1970-ல் பியர்ஸ் கரேஜ், யோகன் ரிண்ட், 1973-ல் ரோஜர் வில்லியம்சன், ஃபிரான்சுவா செவேர், 1974-ல் பீட்டர் ரெவ்சன், ஹெல்முட் கோய்னிக், 1975-ல் மார்க் டொனஹ்யூ, 1977-ல் டாம் பிரைஸ், 1978-ல் பீட்டர்சன். ஃபார்முலா ஒன் காரில் அடிபட்டு இறந்தவர்களை மட்டுமே சொல்கிறேன். ரிண்ட் இறந்த பிறகும் அவருடைய புள்ளியை யாரும் தாண்ட முடியாமல், 1970 பட்டம் அவர் பெயருக்கே போனது.

ஆஸ்பத்திரிக் காட்சிகள் மிகையா?

காட்டப்பட்டிருப்பது மிகையில்லை. முகத்துத் தீக்காயத்தைவிட ஆபத்தானது உள்ளே போன நச்சுப் புகை. நுரையீரல் கெட்டுப்போனது, பல நாள் பிழைப்பாரா என்பதே தெரியாத நிலை. வலது காதின் பெரும்பகுதி போனது. இமைகளும் கருகியிருந்ததால் அறுவை சிகிச்சை செய்தார்கள். பாதிரியார் வந்துபோனது பிற்பாடு லாடாவே பலமுறை சொன்ன விஷயம். ஒரு வார்த்தை ஆறுதல்கூடச் சொல்லாமல் ஜெபத்தை மட்டும் முடித்துவிட்டுப் போனாராம். அந்தக் கோபமே தன்னை உயிரோடு இருக்க வைத்தது என்பார்.

மோன்சாவில் திரும்பி வந்தபோது படத்தில் காட்டுவதுபோல் அவர் பயந்தாரா?

பயந்தார். செப்டம்பர் 12-ம் தேதி பந்தயம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் உடம்பே விறைத்துப்போகும் அளவுக்குப் பயந்ததாகப் பின்னால் அவரே எழுதினார். வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஃபெராரி அதற்குள் கார்லோஸ் ராய்ட்டமனை மாற்று டிரைவராக எடுத்திருந்தது. அந்தப் பந்தயத்தில் மூன்று ஃபெராரிகள் ஓடின. காயத்துக்குப் போட்ட கட்டுத்துணியிலிருந்து ரத்தம் கசிய, லாடா நாலாவதாக வந்தார்; தகுதிச் சுற்றில் மூன்று ஃபெராரியிலும் அவருடையதுதான் முன்னால்.

பத்திரிகையாளரை ஹன்ட் அடிக்கும் காட்சி?

கற்பனை. லாடாவின் முகத்தைப் பற்றிக் குரூரமான கேள்விகள் வந்தது உண்மை. ஹன்ட் போய் அடிக்கவில்லை. இருந்தாலும் ஹன்ட் கை நீட்டாத மனிதர் இல்லை. 1977-ல் கனடாவில் டிராக் ஊழியர் ஒருவரை அடித்து அபராதம் கட்டினார்.

ஃபூஜியில் லாடா ஏன் பாதியில் நிறுத்தினார்?

இந்தப் படம் எதற்காக எடுக்கப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அக்டோபர் 24, 1976. ஃபூஜி மலையடிவாரத்தில் மழையும் பனிமூட்டமும். டிராக்கில் ஆறுபோல் தண்ணீர். பந்தயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். இருட்டு நெருங்கியது, தொலைக்காட்சிக்காக உலகமே காத்திருந்தது. கடைசியில் தொடங்கியே தீருவது என்று முடிவானது. முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்த்திரையில் பின்னால் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. லாடாவுக்குக் கூடுதல் சிரமம், காயம்பட்ட இமைகளால் சரியாகக் கண் சிமிட்ட முடியவில்லை.

இரண்டு சுற்று ஓட்டினார். பிட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் உலக சாம்பியன், கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, தானாக இறங்குகிறார். ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மவுரோ ஃபோர்கியேரி, எஞ்சினில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று வழி காட்டினார். லாடா மறுத்துவிட்டார். ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பதால் நிறுத்தினேன் என்று நேராகவே சொன்னார்.

அந்த மறுப்பைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நெருப்பிலிருந்து எழுந்து ஆறே வாரத்தில் மோன்சாவில் ஓட்டியதை எல்லோரும் வீரம் என்று கொண்டாடினார்கள். அதே மனிதர் ஆறு வாரம் கழித்து இறங்கியபோது இத்தாலியப் பத்திரிகைகள் கோழை என்று எழுதின. இரண்டிலும் அவர் செய்தது ஒரே வேலை: ஆபத்து எவ்வளவு, அதை ஏற்க நான் தயாரா என்று தானே கணக்குப் போட்டு, வந்த விடைப்படி நடந்தார். நூர்பர்க்ரிங்கில் அந்தக் கணக்கு சரியாக இருந்தும் மற்றவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஓட்டினார். ஃபூஜியில் யாரையும் கேட்கவில்லை. ஃபிட்டிபால்டியும் கார்லோஸ் பாசேயும்கூட அன்று தாங்களாகவே விலகினார்கள். ஆனால் அவர்கள் கையில் பட்டம் இல்லை.

படம் இந்த முடிவுக்கு மனைவி மார்லீனின் நினைவைக் காரணமாகக் காட்டுகிறது. கண்ணில் நீர் வரவைக்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் காதலை மட்டும் காரணமாக்கியதில் லாடாவின் நிதானமான அறிவு கொஞ்சம் மறைந்துபோகிறது.

அப்படியானால் ஹன்ட்டுக்குப் பட்டம் சும்மா கிடைத்ததா?

அப்படிச் சொல்வது அநியாயம். வருடத்தில் ஆறு பந்தயம் வென்றவர் அவர். லாடா வென்றது ஐந்து. ஃபூஜியிலும் பெரும்பகுதி முன்னணியில் ஓடினார். டிராக் காயக் காய மழை டயர் தேய்ந்து காற்று இறங்கி, பிட்டுக்கு வர வேண்டியதாயிற்று. திரும்பிப் போய் ரெகாசோனியையும் ஆலன் ஜோன்ஸையும் தாண்டினார். மரியோ ஆண்ட்ரெட்டி முதலிடம், பாட்ரிக் டெபாயே இரண்டாமிடம், ஹன்ட் மூன்றாமிடம். நாலு புள்ளி. 69-க்கு 68.

தான் எத்தனையாவது இடம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பட்டம் போய்விட்டது என்று நினைத்து, இறங்கியதும் குழுவினரைத் திட்டித் தீர்த்தார். படத்தில் அது அப்படியே இருக்கிறது.

சூசி, மார்லீன் கதைகள்?

மாடலாக இருந்த சூசி மில்லரை ஹன்ட் 1974-ல் மணந்தார்; அவர் பிரிந்துபோய் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனை 1976-ல் மணந்தது உண்மை. லாடாவும் மார்லீனும் 1976-ல் மணந்து 1991-ல் பிரிந்தார்கள். ரிப்பேரான காரை லாடா ஓட்டிக் காட்டும் காட்சி கலகலப்பானது, ஆனால் சினிமாவுக்காக எழுதியது.

நடிப்பு, படமாக்கம் எப்படி?

ஹன்ட்டாக கிறிஸ் ஹெம்ஸ்வொர்த். பந்தயக் காருக்குள் உடம்பு நுழைய வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்தார். லாடாவாக ஜெர்மன் நடிகர் டேனியல் ப்ரூல். என்னைக் கேட்டால் படம் அவருடையது. வியன்னாவுக்குப் போய் லாடாவோடு நாட்களைக் கழித்து, அந்த வெட்டிப் பேசும் ஆங்கிலத்தையும் வியன்னா வாடையையும் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் சந்திப்புக்குக் கிளம்பும்போது, கைப்பை மட்டும் எடுத்துவா, பிடிக்கவில்லை என்றால் உடனே திரும்பிவிடலாம் என்று லாடா சொன்னாராம். மனிதரை அறிய அந்த ஒரு வரி போதும்.

பழைய ஃபெராரி, மெக்லாரன் கார்களைச் சேகரிப்பாளர்களிடமிருந்து வாங்கியும், நகல் கார்களைச் செய்தும் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் பிளாக்புஷ் விமானத்தளம் பல நாட்டு டிராக்குகளாக வேஷம் போட்டது. ஒளிப்பதிவாளர் அந்தோணி டாட் மேன்டில் சின்னச் சின்னக் கேமராக்களைக் காரின் சந்துபொந்துகளில் ஒட்டிவைத்தார். சக்கரம், வால்வு, புல், மழைத்துளி என்று கண் முன்னால் வரும் காட்சிகள் அதனால் வந்தவை. ஹான்ஸ் ஜிம்மரின் இசை எஞ்சின் சத்தத்தோடு சண்டை போடாமல் கூடவே ஓடுகிறது.

விருது என்று பார்த்தால் படத்தொகுப்புக்காக பாஃப்டா கிடைத்தது. கோல்டன் குளோபில் சிறந்த படம், துணை நடிகர் (ப்ரூல்) என இரண்டு பரிந்துரைகள். ஆஸ்கரில் ஒன்றுமே இல்லை. ஒலிக்குக்கூடக் கொடுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

லாடாவுக்குப் படம் பிடித்திருந்ததா?

பிடித்திருந்தது. மோர்கன் எழுதும்போதே கூட இருந்து விவரம் சொன்னார், வெளியீட்டுக்கும் வந்தார். ஹன்ட் பார்க்க இல்லையே என்பதுதான் அவர் குறை.

பிறகு இருவரும் என்ன ஆனார்கள்?

ஹன்ட்டின் கடைசி வெற்றி 1977-ல், அதே ஃபூஜியில். 1979 நடுவில் விலகினார். அடுத்த வருடத்திலிருந்து பி.பி.சி.யில் மர்ரே வாக்கரோடு வர்ணனை. ஒளிவுமறைவில்லாத பேச்சு அவருக்கு ஒரு புதுக் கூட்டத்தையே சேர்த்துக் கொடுத்தது. 1993 ஜூன் 15, மாரடைப்பு. வயது 45.

லாடா 1977-ல் மறுபடி சாம்பியனாகி, வருடம் முடியும் முன்பே ஃபெராரியை விட்டு விலகினார். 1979-ல் ஓய்வு, 1982-ல் மெக்லாரனுக்குத் திரும்பி வந்தார். 1984-ல் அலன் ப்ராஸ்ட்டை அரைப் புள்ளியில் முந்தி மூன்றாவது பட்டம். லாடா ஏர் என்ற விமான நிறுவனம் நடத்தினார். 1991-ல் தாய்லாந்தில் அதன் போயிங் 767 விழுந்து 223 பேர் இறந்தார்கள். லாடா நேரில் போனார், சோதனைகள் நடத்தச் சொல்லி வற்புறுத்தினார், தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க உதவும் எஞ்சினின் எதிர்விசைக் கருவி, பறக்கும்போதே தானாகத் திறந்துகொண்டதுதான் காரணம் என்பதை போயிங் வெளிப்படையாகச் சொல்லும் வரை விடவில்லை. பிற்காலத்தில் மெர்சிடிஸ் ஃபார்முலா ஒன் குழுவின் தலைவராக இருந்து, லூயிஸ் ஹாமில்டனை அங்கே கொண்டுவந்தவர்களில் ஒருவரானார். இரண்டு முறை சிறுநீரக மாற்று, 2018-ல் நுரையீரல் மாற்று. 2019 மே 20-ல் காலமானார்.

நூர்பர்க்ரிங்கில் இப்போது பந்தயம் நடக்கிறதா?

பழைய நீளமான டிராக்குக்கு 1976-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயம் திரும்பவில்லை. பக்கத்திலேயே சிறிய புது டிராக் கட்டி 1984-ல் திறந்தார்கள். பழைய டிராக்கில் வேறு வகைப் பந்தயங்கள் நடக்கின்றன. கட்டணம் கட்டினால் பொதுமக்களும் தங்கள் காரில் சுற்றி வரலாம்.

கார் பந்தயம் பற்றி ஒன்றுமே தெரியாது. படம் புரியுமா?

புரியும். யார் முன்னணியில், எத்தனை புள்ளி என்பதையெல்லாம் வர்ணனையாளர் குரலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். படுக்கையறைக் காட்சிகளும் கெட்ட வார்த்தைகளும் இருக்கின்றன. ஒரு விபத்துக் காட்சியும், நுரையீரலுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் காட்சியும் பெரியவர்களுக்கே கஷ்டமாக இருக்கும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் என்றால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். முடிந்ததும் டி.வி.யை உடனே அணைத்துவிடாதீர்கள். கடைசியில் நிஜ ஹன்ட், நிஜ லாடா இருவரின் பழைய பதிவுகள் வருகின்றன.